ட்வைன் மெக்டஃபி விருது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில், அமெரிக்கக் காமிக்ஸில் பன்மைத்தன்மைக்காக வழங்கப்படும் ட்வைன் மெக்டஃபி விருதை ஒரு வரியில் பாராட்டியிருந்தீர்கள். சிறுவயது முதல் காமிக்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். கதையும் ஓவியமும் நன்றாக இருந்தால் போதாதா? நாயகனின் நிறத்தை ஏன் பார்க்க வேண்டும்? தனி விருது வைப்பது, இவர்கள் பொது விருதுக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்வதாக ஆகிவிடாதா?

எஸ்.,
கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கான விடை, அந்த விருது யாருடைய பெயரில் வழங்கப்படுகிறதோ அவருடைய எழுத்திலேயே இருக்கிறது.

மெக்டஃபி 1962இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பின எழுத்தாளர். மார்வெல் என்ற பெரிய காமிக்ஸ் நிறுவனத்துக்கு எழுதிவந்த காலத்தில், 1989இல், ஒரு பகடியான கதைத்திட்டத்தை அங்கே எழுதிக் கொடுத்தார். மார்வெலின் கறுப்பின நாயகர்களில் நான்கில் ஒருவர் ஸ்கேட்போர்டில் வருகிறார் என்று சுட்டிக்காட்டி, அப்படிப்பட்டவர்களை மட்டுமே கொண்ட ஒரு குழுவை அதில் முன்மொழிந்திருந்தார். அந்தப் பகடிக்கு அடியில் இருந்த சிக்கலைப் பின்னர் ஒரு பேட்டியில் அவரே விளக்கினார்: கறுப்பினத்தவராகவோ பெண்ணாகவோ ஆசியராகவோ ஒரு பாத்திரத்தைப் படைத்தால், அது ஒரு தனிமனிதராக நிற்பதில்லை, அந்த இனத்துக்கே பிரதிநிதியாகிவிடுகிறது, அதனால் சுவாரசியத்தை இழந்துவிடுகிறது. பிரதிநிதி கோழையாக இருக்கக் கூடாது, தவறு செய்யக் கூடாது என்றால் எழுதுபவர் என்னதான் செய்வார்? நாம் தமிழில் படித்த மந்திரவாதி மாண்ட்ரேக் கதைகளில் வரும் அவனுடைய கறுப்பினத் தோழன் லொதாரை நினைத்துப் பாருங்கள். ஓர் இளவரசன், மகா பலசாலி. ஆனாலும் அவனுக்கென்று ஒரு சந்தேகமோ சபலமோ இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதற்கு மெக்டஃபி கண்ட வழி, பலரைப் படைப்பது. 1993இல் டெனிஸ் கோவன், மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் ஆகியோருடன் மைல்ஸ்டோன் மீடியா என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இதழ்களை டிசி என்ற இன்னொரு பெரிய காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்டாலும் பாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடமே இருந்தது. டகோட்டா என்ற கற்பனை நகரத்தில் ஹார்ட்வேர், ஸ்டாட்டிக், பிளட் சிண்டிகேட், ஐகான் என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மனிதர்கள் நிறைந்தார்கள். இவற்றில் ஐகானைத்தான் நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். 1839இல் அமெரிக்கத் தெற்கின் பருத்திக்காட்டில் வந்து விழும் வேற்றுலகவாசி, தன்னைக் கண்டெடுத்த அடிமைப் பெண்ணின் இனத்து உருவையே எடுத்துக்கொண்டு, நம் காலத்தில் அகஸ்டஸ் ஃப்ரீமன் என்ற செல்வந்த வழக்கறிஞராக வாழ்கிறான். சொந்த முயற்சியால் எவரும் உயர்ந்துவிடலாம் என்பது அவன் கொள்கை. அவன் வீட்டில் திருட வந்தவர்களோடு வந்த ஏழைப் பெண் ராக்கெல், பறக்கத் தெரிந்த நீ அதை எங்களிடம் சொல்வது என்ன நியாயம் என்ற பொருளில் அவனை எதிர்கொள்கிறாள். கறுப்பின மக்களுக்குள் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விவாதம் இரண்டு பாத்திரங்களாக உருவெடுத்து நம் கண்முன் நடக்கிறது. கதையில் ஒரே ஒரு கறுப்பினத்தவர் இருந்திருந்தால் இந்த விவாதமே சாத்தியமில்லை. எனவே பன்மைத்தன்மை என்பதை நான் கதைக்கலையின் தேவையாகவே பார்க்கிறேன். அதில் சலுகை எதுவும் இல்லை.

மைல்ஸ்டோனின் காமிக்ஸ் வெளியீடு சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஸ்டாட்டிக் மட்டும் 2000 முதல் 2004 வரை தொலைக்காட்சித் தொடராக வந்து, காமிக்ஸ் படிக்காத குழந்தைகளையும் சென்றடைந்தான். மெக்டஃபி 2011 பிப்ரவரியில், 49ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், காலமானார்.

அவர் பெயரிலான விருது 2015இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் முதன்முறையாக வழங்கப்பட்டது. முதலில் வென்றது நைலா மக்ரூடர் இணையத்தில் தொடராக வெளியிட்டுவந்த எம்.எஃப்.கே.; தாயின் அஸ்தியைச் சுமந்துகொண்டு பாலைநிலம் கடக்கும் ஒரு பெண்ணின் கதை. 2017இல் எஸ்ரா கிளேட்டன் டேனியல்ஸின் அப்கிரேட் சோல் வென்றது. அதன் நாயகர்கள் விபரீதமான ஓர் அறிவியல் சோதனைக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும் முதிய தம்பதியர். இரண்டு கதைகளையும் நகர்த்துவது நாயகர்களின் இழப்பும் ஆசையுமே. படைப்பின் தரத்தையும் மனித அனுபவத்தின் விரிவையும் சேர்த்தே பார்க்கும் விருது இது. இதை வென்றவர் வேறு விருதுகளுக்குப் போட்டியிட எந்தத் தடையும் கிடையாது. பெரிய பதிப்பகத்தின் விளம்பரம் வாய்க்காத ஒரு படைப்பாளி புதிய வாசகரைச் சென்றடைய ஒரு வழி கூடுதலாகத் திறக்கிறது, அவ்வளவே.

வாய்ப்பிருந்தால் ஐகானின் தொடக்க இதழ்களைத் தேடிப் படியுங்கள். ராக்கெல் தான் கருவுற்றிருப்பதை அறிந்து என்ன செய்வதென்று தவிக்கும் பகுதிவரை வந்த பிறகு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.