பழைய மினியேச்சருக்குப் புதுப் பெயிண்ட்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளாஸ்டிக் போர்வீரன் மினியேச்சரில் பெயிண்ட் தடித்துக் கிடக்கிறது. தின்னரில் கழுவலாமா? ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தாலும் சொரசொரப்பாகிறதே?
– வாசகர், மண்டபம்

பதில்: தின்னர், அசிட்டோன் இரண்டும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் இளகி முகமே அழிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. கவச இடுக்கில் ஒட்டியதைப் பல்குச்சியால் நெம்பி எடுக்கலாம். பிறகு சோப்புத் தண்ணீர். கடைசி அலசல் கேன் தண்ணீரில். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும்.

சொரசொரப்புக்குக் காரணம் வெயிலும் கடல்காற்றும். ப்ரைமர் துளி பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்து தூளாகிறது. காற்றுப் படாத இடத்தில், அட்டைப்பெட்டிக்குள் வைத்து, 20 செ.மீ. தூரத்திலிருந்து விட்டுவிட்டு அடியுங்கள். மழை ஈரம் இருந்தால் ஸ்ப்ரேயை விட்டு, பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் ப்ரைமரே நல்லது.