பங்குக் கோயில் என்றால் என்ன? ஊரில் இருக்கும் எல்லா மாதா கோயிலும் பங்குதானா?

கத்தோலிக்கத் திருச்சபையில் ‘பங்கு’ என்பது ஆயர் (பிஷப்) வரையறுத்த ஒரு பகுதியும் அங்கே வாழும் மக்களும். அதைக் கவனிக்கும் குருவானவர் பங்குத்தந்தை; அந்தப் பகுதிக்கான முதன்மைக் கோயில்தான் பங்குக் கோயில். அதனால் ஊரில் இருக்கும் எல்லாக் கோயிலும் பங்கு ஆகாது. ரேஷன் கடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கடை எத்தனை இருந்தாலும் உங்கள் அட்டை ஒரு கடையில்தான் இருக்கும்.

இப்படிப் பிரிக்க முக்கியக் காரணம், யாருக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பதே. பங்கு அலுவலகத்தில் இருக்கும் தடித்த ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால் இது புரியும். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஊரில் திருமணம் செய்தாலும், பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிப்பார்கள். திருமணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிப்பதும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அறிவிப்பதும், இதனால்தான். தடை ஏதும் இருந்தால் ஊரார் சொல்லலாம்.

பங்குக் கோயிலுக்கு உதாரணமாக அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். கொள்ளிடக் கரைப் பக்கத்துச் சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். இத்தாலியில் பிறந்தவர், அந்த மாதாவைத் தமிழில் கலம்பகம் பாடிப் போற்றினார்! எனக்கு அந்தக் கோயில் மீது தனிப் பிரியம் வரக் காரணமே அதுதான்.

அப்புறம், பெரிய கோபுரம் இருந்தால் பங்கு, சின்னதாக இருந்தால் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டுக் கூரைக் கோயிலும் பங்காக இருக்கலாம்.