மானியத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் பரணில் ஏறிப் பாருங்கள்

வீட்டு இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு): வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கூரை இன்சுலேஷனுக்கு அரசு மானியம் தருகிறார்கள். "வேலையை முடித்துவிடலாம், விண்ணப்பத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். பிரான்ஸின் 'மாப்ரிம்ரெனோவ்' போன்ற திட்டங்களில் வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தின் விதியைப் படியுங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை ஆணி அடிக்க விடாதீர்கள். கான்ட்ராக்டர் பெயர் திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "மானியம் மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்து" என்ற ஒரு வரியையும் எழுதி வாங்குங்கள். பழைய நிலையைப் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு அதை யாராலும் காட்ட முடியாது.

கேள்வி: மானியத்தில் பரண் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) முழுக்க மினரல் வுல் (வெப்பத்தைத் தடுக்கும் கனிம இழைப் பஞ்சு) போட்டார்கள். முதல் குளிர்காலத்திலேயே கூரைப் பலகையில் கறுப்புப் புள்ளிகள். சரக்கு மட்டமா?

பதில்: சரக்கு நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் சூடு இப்போது மேலே ஏறுவதில்லை. அதனால் பரண் முன்னைவிடக் குளிர்ந்துவிட்டது. ஆனால் ஈரக்காற்று மட்டும் ஓட்டைகள் வழியே ஏறிக்கொண்டே இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, சுமார் 12 டிகிரியில் இருக்கும் பரப்பைத் தொட்டாலே நீர் கோத்துவிடும். நனைந்த பலகை காயாவிட்டால் பூஞ்சணம்தான்.

குளிர்ந்த நாளில் டார்ச்சோடு ஏறி, வுல்லைச் சற்று விலக்கிப் பாருங்கள். விளக்கு, குழாய், ஒயர் நுழையும் இடங்களில் வுல் அழுக்கேறிக் கறுத்திருந்தால் காற்று அந்த வழியாகத்தான் ஏறுகிறது. அந்த ஓட்டைகளைச் சீலன்ட் வைத்து அடையுங்கள்; பரண் மூடிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் பரணுக்குள்ளேயே முடிந்தால் அது பெரிய குற்றம். கூரைக்கு வெளியே நீட்டியாக வேண்டும். அடுத்து இறவாணப் பக்கம் (கூரையின் தாழ்ந்த விளிம்பு): வுல்லைக் கடைசிவரை திணித்திருப்பார்கள். கூரைப் பலகைக்கும் வுல்லுக்கும் நடுவே 5 செ.மீ. காற்றுவழி விட்டுப் பின்னால் இழுங்கள். இவற்றைச் செய்யாமல் பூஞ்சணத்தை மட்டும் துடைத்தால் அடுத்த குளிரில் திரும்பி வரும்.

கேள்வி: "வேலை முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பதில்: ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். ஐந்தாறு இடங்களில், மூலைகளில் கட்டாயம், கனத்தை அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். பிரிட்டனில் மினரல் வுல்லுக்குப் பரிந்துரைக்கும் கனம் 27 செ.மீ. வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்குள் அடைபட்ட காற்றுதான். அதனால் 20 செ.மீ. சுருளைப் 10 செ.மீ. இடத்தில் அமுக்கியிருந்தால் திறன் வெகுவாகக் குறையும். காலிப் பைகளை எண்ணி, லேபிளில் உள்ள பரப்பளவால் பெருக்கினால், போட்ட சரக்கின் கணக்கும் தெரிந்துவிடும்.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. உட்கூரையில் பதிக்கும் விளக்குகளின் மேல் வுல் கிடக்கக் கூடாது. காப்புமூடி இருந்தால் தவிர. ஹீட்டர் போன்ற அதிக சுமைக்கான ஒயர் வுல்லுக்குள் புதைந்தால் சூடு வெளியேறாது. அதை வுல்லுக்கு மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 2009-ல் தொடங்கிய அரசு இன்சுலேஷன் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கி. வெப்பத்தடுப்புக்கான அலுமினியத் தாளை உலோக ஸ்டேபிள் அடித்துப் பொருத்தியதும் ஒரு காரணம். 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. வேலையாட்கள் ஏறும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

கேள்வி: மானியம் ஒன்றுக்குத்தான். ஜன்னலா, கூரையா?

பதில்: கூரை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடச் செலவு அதிகம், மிச்சம் குறைவு. கதவு, ஜன்னல் இடுக்குகளை மானியம் இல்லாமலே அடைத்துவிடலாம். ஆனால் வீட்டுக்குள் எரிவாயு அல்லது விறகு எரியும் ஹீட்டர் இருந்தால், இடுக்கை அடைக்கும் முன் அதற்கென்று தனிக் காற்றுவழி இருக்கிறதா என்று பார்த்து, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டறியும் அலாரம் ஒன்றையும் மாட்டுங்கள்.