ஒன்பது நாள் தண்ணீர் வரவில்லை, நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் குருநகரில் வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். எங்கள் கிணறு உவர். சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். போன மாதம் ரோட்டில் குழாய் உடைந்து தண்ணீர் நின்றது. அன்றே அறிவித்தோம். பக்கத்து ஒழுங்கைக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டது, எங்களுக்கு ஒன்பதாம் நாள்தான். பவுசர் தண்ணீர் வாங்கினேன். நான்கு நாள் வியாபாரமே இல்லை. தண்ணீர் வந்து இப்போது மூன்று கிழமை. லண்டனில் இருக்கும் அக்காவுக்கு இப்படி நின்றபோது கேட்காமலே காசு கொடுத்தார்களாம். இங்கே அப்படி இல்லையா?

பதில்: அக்கா சொன்னது சரிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, குறித்த நேரத்துக்குள் தண்ணீர் திரும்பாவிட்டால் வீட்டுக்கு 20 பவுண், அதன்பின் ஒவ்வொரு 24 மணித்தியாலத்துக்கும் 10 பவுண் என்று இருந்தது. 2025இல் தொகையைக் கூட்டினார்கள். அங்கே நட்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை, மணிக்கூடே போதும்.

இலங்கையில் நமக்கு அப்படியொரு கணக்கு இல்லை. 2002இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால் மின்சாரம் போன்ற சேவைகளை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்தபோது தண்ணீரையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் மின்சாரத்துக்கு வந்ததுபோல் தண்ணீருக்கென்று தனிச் சட்டம் வரவில்லை.

அதற்காக வழியே இல்லையென்று நினைக்க வேண்டாம். நம்முடைய ரோமன் டச்சுச் சட்டப்படி, ஒருவரின் கவனயீனத்தால் பணநட்டம் வந்தால் ஈடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் குழாய் உடைந்ததையே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவார்கள். குழாய் யாருக்கும் உடையும். உங்கள் நியாயம், அறிவித்த பிறகு ஓடிய நாட்களில்தான் இருக்கிறது. பக்கத்து ஒழுங்கைக்கு இரண்டாம் நாளே வந்தது என்கிறீர்களே, கடிதத்திலேயே பெறுமதியான வரி அது.

அதற்கு அவர்களிடமும் பதில் இருக்கலாம்: உங்கள் ஒழுங்கைக்கு வேறு வால்வு, பொருத்தச் சாமான் இல்லை என்று ஏதாவது. அதை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாடு பதிவான நேரம், வேலையாட்கள் வந்த நேரம், இரண்டு ஒழுங்கைக்கும் உரிய வேலைப் பதிவேட்டின் பிரதி ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அவசரம். தண்ணீர் தருவது அரச நிறுவனம் அல்லது உள்ளூராட்சி சபை என்றால், சமமாக நடத்தவில்லை என்று அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான் தவணை. தண்ணீர் வராத கடைசி நாளிலிருந்து எண்ணினாலும் உங்களுக்கு ஒரு கிழமை சொச்சமே மிச்சம். அதற்குள் யாழ்ப்பாணத்திலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. சுன்னாகத்தில் நிலத்தடி நீர் எண்ணெயால் கெட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் அந்த நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. ஆனால் அது பல ஊர்க் கிணறுகளின் பிரச்சினை. நான்கு நாள் இடியப்பத்துக்காக உங்களைக் கொழும்புக்கு அலைய நான் சொல்லமாட்டேன், போக்குவரத்துச் செலவே நட்டத்தை மிஞ்சிவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடே, அவர்களை மேசைக்கு வந்து பேச வைக்கப் போதும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் மூன்று மாதத்துக்குள் எழுதலாம். அது வியாபாரிகளுக்கு எதிரான முறைப்பாடுகளுக்கான இடம் என்பதால், அரச நிறுவனம் 'வியாபாரி' ஆகுமா என்று அங்கே ஒரு வாதம் கிளம்பும். அதனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? பவுசர் செலவை முழுதாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டு எடுக்கவில்லையென்றால் பவுசர்காரரிடம் இன்றே போய், திகதியும் தொகையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். வியாபாரத்தில் நான்கு நாள் விற்பனையைப் போடாதீர்கள். அந்த நாட்களில் மாவும் விறகும் செலவாகவில்லையே, இலாபத்தைத்தான் கேட்க முடியும். கடைக்காரர்களின் கொப்பியில் முந்தைய வாரங்களின் கணக்கு இருக்கும், அதைப் படம் எடுத்து இணையுங்கள். இணைப்புப் பெறும்போது நீங்கள் கையொப்பமிட்ட பத்திரத்தில், தடங்கலுக்குப் பொறுப்பில்லை என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் பிரதியுடன் வாருங்கள், பேசுவோம்.

அப்புறம், கோபத்தில் இந்த மாதப் பில்லைக் கட்டாமல் விடவேண்டாம். நிலுவையைக் காட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டால், பிறகு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.