டார்னீட்டிலிருந்து கேம்ப்பெல்ஃபீல்டுக்குப் பழைய ஃபால்கனில் போகலாமா?

தம்பி, மெல்பர்னுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, டார்னீட்டில் வீடு, கேம்ப்பெல்ஃபீல்டில் மதிய ஷிப்ட் வேலை என்று எழுதியிருந்தீர்கள். 1,90,000 கிலோமீட்டர் ஓடிய 2010 ஃபோர்டு ஃபால்கன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஊரில் ஓட்டியதெல்லாம் 1.2 லிட்டர் சின்னக் கார், நான்கு லிட்டர் இன்ஜினைச் சமாளிக்க முடியுமா, பெட்ரோலிலேயே சம்பளம் கரைந்துவிடுமா என்பது உங்கள் கேள்வி.

உங்கள் வேலைப் பாதைக்கு அந்தக் கார் நன்றாகப் பொருந்தும். ஆனால் அதே காரில்தான் காலையில் குழந்தையைப் பள்ளிக்கு விடுவதும், கடைக்குப் போவதும், வீட்டைச் சுற்றியே இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓட்டுவதும் என்றால், வேண்டாம் என்பேன். நான் 2007இல் வந்தவன். முதலில் ஒரு ஹோல்டன் கமோடோர், அப்புறம் ஃபால்கன் என்று பல வருடம் ஆறு சிலிண்டர் கார்களிலேயே வேலைக்குப் போய் வந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சக்தியைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். ஊரில் சின்னக் காரில் மேடு ஏறும்போது ஏசியை அணைப்போமே, நினைவிருக்கிறதா? லாரியை முந்த வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, இன்ஜின் கத்தக் கத்த மிதிப்போம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்குப் பெரிய இன்ஜின் என்றால், கால் பட்டதும் பாய்ந்துவிடுமோ என்று தோன்றும். அப்படி இல்லை. நீங்கள் பார்க்கும் 2010 கார், 2008இல் வந்த எஃப்ஜி என்ற ஃபால்கன் மாடல். அதன் இன்ஜினுக்கு 195 கிலோவாட் சக்தி, 391 நியூட்டன் மீட்டர் இழுவிசை. தினசரி ஓட்டத்தில் உங்களுக்கு உதவப்போவது அந்த இழுவிசைதான். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். அதனால் ஆழ மிதிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

உங்கள் பாதையில் வரும் வெஸ்டர்ன் ரிங் ரோடு என்ற நெடுஞ்சாலையில் ஏறும் ரேம்ப்பை நினைத்துப் பாருங்கள். வலப்பக்கம் பெரிய பெரிய லாரிகள் நூறில் வந்துகொண்டிருக்கும். ரேம்ப் முடிவதற்குள் நீங்களும் நூறைத் தொட்டு, இடைவெளி பார்த்துச் சேர வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலர் இங்கேதான் தடுமாறி, அறுபதிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். மிக ஆபத்தான பழக்கம் அது. ஃபால்கனில் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தாலே, சத்தம் போடாமல் அந்த வேகம் வந்துவிடும். சேர்ந்த பிறகு நூறில் நிலையாக ஓடும்போது இன்ஜின் 2000 சுற்றுக்குக் கீழேயே இருக்கும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால், ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று சமன்செய்துவிடும். அதிர்வு உடம்பில் ஏறாது. ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் வீடு திரும்பும்போது இதன் அருமை தெரியும். எனக்கு முதுகும் காதும் ஓய்ந்தது அந்தக் காரில்தான். நாற்பது டிகிரி வெயிலில், ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக, ஏசியை முழுதாக வைத்து ஹியூம் ஹைவேயில் சிட்னி வரை போயிருக்கிறேன். காரின் போக்கில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

சரி, பெட்ரோல். பயமுறுத்துகிறவர்கள் சொல்வது பாதி உண்மை. உங்கள் பாதை போகவர எண்பது கிலோமீட்டர் போல வரும், வாரத்துக்கு நானூறு. மதிய ஷிப்ட் என்பதால் பெரும்பாலும் ஓடுகிற சாலை. அப்படி ஓட்டினால் நூறு கிலோமீட்டருக்கு பத்து, பதினொரு லிட்டரில் முடியும். அதாவது வாரத்துக்கு 44 லிட்டர் வரை. நல்ல சின்னக் கார் ஏழு லிட்டரில் போனால் 28. வித்தியாசம் 16 லிட்டர். அதை இன்றைய பெட்ரோல் விலையால் பெருக்கி, இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 91 ஆக்டேன் சாதாரணப் பெட்ரோலே இதற்குப் போதும்.

ஆனால் பள்ளி, கடை, டாக்டர் என்று நின்று நின்று ஓடினால் கதை வேறு. இவ்வளவு பெரிய இன்ஜின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். குளிர்காலக் காலைகளில் நூறுக்கு பதினைந்து, பதினாறு லிட்டர் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன். நீளமும் ஐந்து மீட்டரை நெருங்கும், ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் உங்கள் மனைவிக்குச் சிரமமாக இருக்கலாம். வீட்டுக்கு ஒரே கார் என்றால் இதை நன்றாக யோசியுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபால்கனும் கமோடோரும் பின்சக்கரத்தால் ஓடுபவை. ஊரில் நீங்கள் ஓட்டியது முன்சக்கரத்தால் ஓடியது. காய்ந்த சாலையில் வித்தியாசமே தெரியாது. மழையில் தெரியும். வந்த இரண்டாம் வருடம், தேய்ந்த பின் டயர்களோடு ஒரு ரவுண்டபவுட்டில் திரும்பும்போது அவசரப்பட்டு மிதித்துவிட்டேன். காரின் பின்புறம் விலகிப் பக்கத்து லேனுக்குப் போய் நின்றது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அங்கே வேறு வண்டி இல்லாததால் தப்பித்தோம். அன்றிலிருந்து டயரில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்கும் எஃப்ஜியில் சறுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உண்டு. ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில் ஆன்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் அந்த எஃப்ஜிதான். விலை குறைவு என்று அதற்கு முந்தைய பழைய மாடலுக்கு இறங்காதீர்கள். குழந்தை இருக்கிற வீடு.

வாங்கும்முன் பார்க்க வேண்டியதில் முதலாவது ரேடியேட்டர். கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் இந்தக் கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. பழசானதும் அது உள்ளே விரிசல் விட்டால், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டும் எண்ணெயும் கலந்து, பால் கலந்த மாதிரி கெட்டியாகிவிடும். அதோடு கியர்பாக்ஸ் போய்விடும், காரின் விலையில் பாதி செலவாகும். ஆகவே ரேடியேட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். 1,90,000 கிலோமீட்டர் என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இதே இன்ஜினோடு டாக்சியாக அதைப்போல பல மடங்கு ஓடிய கார்கள் இந்த ஊரில் சர்வசாதாரணம். ஒழுங்காக எண்ணெய் மாற்றியதைக் காட்டும் சர்வீஸ் புத்தகம்தான் முக்கியம்.

விற்பவர் ஆர்டபிள்யூசி, அதாவது கார் சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், கொடுக்கிறேன் என்பார். பெயரை மாற்ற அது வேண்டும்தான், முப்பது நாள் செல்லும். ஆனால் பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங் போன்ற பாதுகாப்பு விஷயங்களைத்தான் அதில் பார்ப்பார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். காரின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் இணையதளத்திலும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கார் சரிப்படாவிட்டால், டொயோட்டா ஆரியனைத் தேடுங்கள். 3.5 லிட்டர் வி6, 200 கிலோவாட், ஆறு கியர், முன்சக்கரத்தால் ஓடும். மழைக்கு எனக்கு அதுவே அதிக நிம்மதி. விஇ மாடல் கமோடோரும் ஓட்ட அருமையான கார்தான். ஆனால் அதன் முன்கண்ணாடித் தூண் தடிமனானது, ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் வருகிறவர்களைச் சற்றுத் தலையை நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். 3.6 லிட்டர் இன்ஜினில் எண்ணெய் மாற்றத் தவறியிருந்தால் டைமிங் செயின் நீண்டுவிடும், பெரிய செலவு.

நீங்கள் வேலை செய்யும் கேம்ப்பெல்ஃபீல்டில்தான், தம்பி, 2016 அக்டோபர் 7 வரை ஃபால்கன்கள் தயாராயின. பிராட்மெடோஸ் ஆலை என்று பெயர், ஆனால் இருந்த இடம் கேம்ப்பெல்ஃபீல்டு. இந்தக் காரை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்குகளும், பழைய பாகம் கிடைக்கும் ரெக்கர் யார்டுகளும் அந்தப் பக்கம் நிறைய.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.