ஓவியராக இருந்துகொண்டு தன்னார்வப் பணியையும் சொந்த இலக்குகளையும் எப்படி நடத்துகிறீர்கள்? ஆத்திரமூட்டும் படைப்புகளுக்கு உங்கள் எதிர்வினை என்ன?

நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைவது என் தொழில். வார இறுதிகளில் ஒரு மருத்துவமனையின் நெடுநாள் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளோடு அமர்ந்து வரைகிறேன். கேள்வி கேட்டவர் தன்னார்வப் பணி, சொந்த இலக்கு, சீண்டும் படங்களுக்கும் காணொளிகளுக்குமான எதிர்வினை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். எனக்கு அவை மூன்றும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன. ஒரு நாளில் ஒருவரால் உண்மையாகவே உற்றுப் பார்க்கக்கூடிய நேரம் மிகக் குறைவு. அதை யாருக்குக் கொடுக்கிறேன் என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் தன்னார்வப் பணி. மருத்துவமனையில் வரைவதென்றால் பலர் மனத்தில் சுவரோவியமும் சிரிக்கும் குழந்தைகளும்தான் தோன்றுகின்றன. நடைமுறையில் அந்த வேலையின் பெரும்பகுதி எதைக் கொண்டுபோகக் கூடாது என்று அறிந்திருப்பதிலேயே அடங்கிவிடுகிறது. எண்ணெய் வண்ணமும் டர்பெண்டைனும் வாசலைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அவற்றின் ஆவி மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. பேஸ்டலும் கரித்துண்டும் தூசி கிளப்பும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இருக்கும் அறையில் ஒருவர் தொட்ட வண்ணப் பென்சிலை அடுத்தவரிடம் நீட்டக் கூடாது; துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத எதுவும் ஒரே ஒருவருக்கு உரியதாகிவிடும். சலைன் எந்தக் கையில் ஏறுகிறது என்று பார்த்த பிறகே பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக வரையும் கையிலேயே ஊசி இருந்தால் மற்றக் கையால் வரையச் சொல்வேன், அப்போது கோடு நடுங்கும். நன்றாக வரைய வேண்டும் என்ற அச்சமும் அந்த நடுக்கத்தோடு போய்விடுவதால், அப்படி வரைந்த படங்களைப் பலர் தங்கள் வழக்கமான படங்களைவிட அதிகம் விரும்புகிறார்கள். படம் வரைந்தவருக்கே சொந்தம். நான் அதைப் புகைப்படம் எடுப்பதில்லை, எங்கும் பகிர்வதுமில்லை.

நான் சிகிச்சையாளன் அல்லன் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காசநோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்ட பிரிட்டிஷ் ஓவியர் ஆட்ரியன் ஹில் 1942இல் 'கலைச் சிகிச்சை' என்ற பெயரை வழங்கினார். இன்று அது தனிப் பயிற்சியும் தகுதியும் மேற்பார்வையும் வேண்டும் ஒரு தொழில். தன்னார்வலர் ஒருவர் நோயாளியின் படத்தைப் பார்த்து, கறுப்பு அதிகமாக இருக்கிறது, ஆகவே துயரம் அதிகம் என்று பொருள் சொல்லத் தொடங்குவது ஆபத்தான விளையாட்டு. பெட்டியில் அன்றைக்குக் கூராக இருந்தது அந்தக் கறுப்புப் பென்சில் ஒன்றுதான் என்பதும் காரணமாக இருக்கலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கலைஞர்களிடம் இலவசமாக வேலை கேட்பவர்கள் எல்லோரும் அதைச் சேவை என்றே அழைக்கிறார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: அந்த நிகழ்ச்சியில் அச்சகத்துக்கும் பந்தல் போடுபவருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பணம் போய், ஓவியருக்கு மட்டும் நன்றியுரை மிஞ்சுமானால், அதற்குத் தன்னார்வம் என்ற பெயர் பொருந்தாது. எல்லோரும் கூலியின்றி வேலை செய்யும் இடத்தில் நானும் அப்படியே செய்கிறேன். மற்ற இடங்களில் என் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். 'உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும்' என்ற பதில் வந்தால், மரியாதையாக விலகிக்கொள்கிறேன். இந்தக் கோட்டை உறுதியாகப் போட்டதால்தான் மருத்துவமனைக்கு மனக்கசப்பில்லாமல் போக முடிகிறது.

சொந்த இலக்குகள் பற்றி நீண்டு சொல்ல எதுவும் இல்லை. கண்காட்சி, விருது, பின்தொடர்வோர் எண்ணிக்கை போன்றவை பிறர் எடுக்கும் முடிவுகள். அவற்றை இலக்கென்று எழுதி வைப்பது, நாளைக்கு மழை பெய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதைப் போன்றது. மேசைக்குப் போய் உட்கார்ந்தால் நானே தொடங்கக்கூடியதை மட்டும் இலக்காகக் கொள்கிறேன். இப்போது அது கைகளை வரைவது. அந்தப் பிரிவில் இருந்த ஒரு மூதாட்டி நெடுங்காலம் தையல் வேலை செய்தவர். உருவப்படம் வரையட்டுமா என்று கேட்டபோது, "முகத்தை விடுங்க தம்பி, கையை வரைங்க" என்றார். அதற்கு முன்பு நான் கைகளைச் சட்டைப் பைக்குள்ளும் மேசைக்கு அடியிலும் ஒளித்து வைக்கும் ஓவியர் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். மூட்டுகள் வீங்கிய, ஊசித் தழும்புகள் கொண்ட ஒரு கையை ஒரு மணி நேரம் பார்த்த பிறகு, கைகளை மட்டுமே கொண்ட ஒரு வரிசை வரைய வேண்டும் என்று முடிவு செய்தேன். என் தொழில் இலக்கு இப்படிக் கூலியில்லாத இடத்திலிருந்து வந்தது.

பொதுப்பணி செய்தால் சொந்தப் படைப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்களிடம் நான் கேத்தே கோல்விட்ஸைச் சொல்வேன். அந்த ஜெர்மானியக் கலைஞரின் இளைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் போரில் இறந்தான். அவனுக்கான நினைவுச் சிற்பத்தை அந்த ஆண்டே மனத்தில் தொடங்கியவர், 1919இல் அதைக் கைவிட்டு, பின்னர் புதிதாக ஆரம்பித்து, 1932இல்தான் பெல்ஜியத்தில் மகன் அடக்கம் செய்யப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் நிறுவினார். இடைப்பட்ட ஆண்டுகளில் வியன்னாவின் பசித்த குழந்தைகளுக்காக 1920இலும், ரஷ்யப் பஞ்ச நிவாரணத்துக்காக 1921இலும், போருக்கு எதிராக 1924இலும் சுவரொட்டிகள் வரைந்தார். 18 ஆண்டு நீண்ட ஒரு தனித் துயரப் படைப்பும், அவசரத்தில் கேட்கப்பட்ட சுவரொட்டிகளும் ஒரே கையிலிருந்து வந்தன. இரண்டிலும் குனிந்த அதே உடல்களையும் அணைக்கும் அதே கைகளையும் காணலாம்.

இனி, கேள்வியின் கடினமான பகுதி. ஆத்திரமூட்டும் படைப்பு என்றதும் நாம் பொதுவாக எதிர்ப்பா ஆதரவா என்ற இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுகிறோம். நான் அதற்கு முன், என்னைச் சீண்டியது சரியாக எது என்று கண்டுபிடிக்க முயல்கிறேன், ஏனென்றால் முதல் கோபம் சொல்லும் காரணம் பெரும்பாலும் உண்மையான காரணமாக இருப்பதில்லை. பிரெஞ்சு ஓவியர் எடுவார் மானே ஒரு விலைமகளை நிர்வாணமாக வரைந்த 'ஒலிம்பியா' 1865இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது கூட்டம் கொதித்தது. பிறகு ஒரு கதவுக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் அதை மாற்றித் தொங்கவிட்டார்கள். நிர்வாணம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1863இல், அதே சலோனில் அலெக்சாண்டர் கபானெல் வரைந்த, காதல் தெய்வம் வீனஸின் நிர்வாணப் படத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே விலை கொடுத்து வாங்கியிருந்தார். வீனஸ் கண்ணை மறைத்துப் படுத்திருக்கிறாள். ஒலிம்பியாவோ பார்ப்பவரை நேராகப் பார்க்கிறாள், தான் யார், வந்திருப்பவர் யார் என்பதை அறிந்த பார்வையோடு. பார்வையாளர்களைச் சுட்டது அந்தப் பார்வை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே என் பழக்கம் இது: ஒரு படம் என்னைச் சீண்டினால், ஒருவரின் உருவப்படத்தை வரையத் தொடங்குமுன் அவரைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேனோ அவ்வளவு நேரம் அதைப் பார்க்கிறேன். சில படைப்புகள் அந்த நேரத்தைத் தாங்குகின்றன; பார்க்கப் பார்க்கப் புதிதாக ஏதோ தெரிகிறது, கோபம் வேறொன்றாக மாறுகிறது. சில படைப்புகளில் முதல் நொடியில் கிடைத்ததற்கு மேல் எதுவும் இல்லை. அவை பார்வையாளரின் கோபத்தை விளைவிக்கவென்றே செய்யப்பட்டவை, அந்தக் கோபத்தைக் கொடுத்துவிட்டால் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

ஸ்பானிய ஓவியர் கோயா வரைந்த போர்க் கொடுமைச் செதுக்கோவியங்களை முதல் வகைக்குச் சொல்வேன். 1810 முதல் 1820 வரை அவற்றை உருவாக்கிய அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை; 1828இல் இறந்தார், அவை 1863இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. மரக்கிளையில் தொங்கவிடப்பட்ட துண்டான உடல்கள் யாருடைய கைதட்டலையோ வசவையோ எதிர்பார்த்து வரையப்பட்டவை என்று சொல்ல வழியே இல்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை ஊர் ஊராக நடந்து வரைந்த சித்தபிரசாதின் கோட்டோவியங்களும் அப்படித்தான். அவற்றைத் தாங்கிய சிறுநூலைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. அரசைச் சீண்டியது கலைஞரின் துடுக்கு அன்று. எலும்பெண்ணக்கூடிய அந்த உடல்கள் உண்மையாக இருந்ததுதான்.

இரண்டாம் வகைக்கு என் மனத்தில் நிற்பது ஒரு தனிப் படம் அன்று, ஒரு கண்காட்சியே. 1937இல் மியூனிக்கில் நாஜி அரசு, அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தது. சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்துத் தொங்கவிட்டு, சுவரெங்கும் ஏளன வாசகங்களை எழுதியிருந்தார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அங்கே சீண்டியவை ஓவியங்கள் அல்ல, அவற்றைச் சுற்றி எழுப்பப்பட்ட அமைப்பு. வந்தவர் எதைப் பார்த்து எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது அவர் வருமுன்னரே முடிவாகியிருந்தது. இன்று ஒரு படத்தை அதன் சூழலிலிருந்து வெட்டியெடுத்து, மேலே ஒரு ஏளன வரியை ஒட்டி, நம் திரைக்கு அனுப்பும் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சுவர்கள் நினைவுக்கு வருகின்றன.

இதில் இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. ஃபேஸ்புக் 2017 முதல் கோபக் குறி உள்ளிட்ட முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்து, எந்தப் பதிவு யார் கண்ணில் பட வேண்டும் என்று கணித்தது என்பதை 2021இல் வெளிவந்த உள் ஆவணங்கள் காட்டின. பின்னர் கோபக் குறியின் எடையைப் பூச்சியமாக்கினார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ட்விட்டர் பதிவுகளில் அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லும் பதிவின் பரவலைச் சுமார் 20 சதவீதம் கூட்டியதாகக் கண்டது. இவற்றை அறிந்த பின், பிடிக்காத படத்தைக் கண்டித்துப் பகிர்வதும் அதற்கு ஆள் சேர்ப்பதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. கண்டிக்க வேண்டியிருந்தால் படத்தை மீண்டும் ஒட்டாமல், சொற்களால் விவரித்து எழுதுகிறேன். ஒருவரின் முகத்தையோ உடலையோ அவர் சம்மதமின்றி வைத்திருந்தால், வெளியிட்டவருக்கே நேராக எழுதுகிறேன். தடை செய்யுங்கள் என்று கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை. மைக்கேலாஞ்சலோ 1541இல் முடித்த 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தின் நிர்வாண உருவங்களுக்கு 1565இல் துணி போர்த்தி வரைந்த தானியேலே தா வோல்தெர்ரா நல்ல ஓவியர், மைக்கேலாஞ்சலோவுக்கு நெருக்கமானவரும்கூட. ஆனாலும் காலுடை மாட்டியவர் என்ற பட்டப்பெயரோடுதான் அவரை உலகம் நினைவு வைத்திருக்கிறது.

மருத்துவமனையில் ஒருமுறை, ஒரு பதின்ம வயதுப் பையன் தன் கைப்பேசியில் ஒரு தாக்குதல் காணொளியைக் காட்டினான். பலமுறை பார்த்துவிட்டான் என்பது தெரிந்தது. "இதை வரைய முடியுமாண்ணா?" என்று கேட்டான். ஓடும் படத்தை வரைய முடியாது, ஒரு கணத்தில் நிறுத்தித் தா என்றேன். அவன் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி நெடுநேரம் தேடினான். கடைசியில் அவன் நிறுத்திய கணத்தில் அடிப்பவனும் அடிபடுபவனும் ஓரத்தில்தான் இருந்தார்கள். நடுவில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நின்றார். அவரைத்தான் இருவரும் வரைந்தோம். போகும்போது, அவன் இப்படிப்பட்ட காணொளிகளைப் பார்க்கிறான் என்று செவிலியரிடமும் சொல்லிவிட்டு வந்தேன், ஏனென்றால் அதைக் கவனிக்கும் தகுதி அவர்களுக்கு உண்டு, எனக்கு இல்லை.

என் படமே பிறரைச் சீண்டியதும் உண்டு. நோயாளிகளைப் பராமரிப்பவர்களின் களைப்பு பற்றிய ஒரு கட்டுரைக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கும் செவிலியர் ஒருவரை வரைந்திருந்தேன். அது தங்கள் தொழிலை இழிவுபடுத்துவதாகச் சிலர் கொதித்தார்கள். என் நோக்கத்தை மட்டும் ஆராய்ந்தவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை. படத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைச் சுட்டி எழுதியவர்கள் எல்லோருக்கும் எழுதினேன். அவர்களில் ஒரு செவிலியர், இரவுப் பணியில் கைப்பிடி வைத்த நாற்காலி யாருக்கும் கிடைப்பதில்லை, கிடைப்பது முக்காலிதான், அதில் அப்படிச் சாய்ந்து தூங்க முடிந்தால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று எழுதியிருந்தார். இப்போது கைகளின் வரிசைக்கு அவர் தன் கைகளை வரைய அனுமதித்திருக்கிறார். கையுறை கழற்றிய உடனே, ஈரம் காயும் முன் வரைய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.