பூசணிக்காய்க்கு ஒரு கதைமுகம்

கேள்வி: 6 முதல் 8 வயதுக்குள் எட்டுப் பிள்ளைகள். அக்டோபர் 31 அன்று வீட்டிலேயே, கதைப்புத்தகங்களை வைத்து ஹாலோவீன் விருந்து நடத்த ஆசை. எப்படித் திட்டமிடலாம்?
- வாசகி, டொரன்டோ

பதில்: உங்கள் ஊரில் அன்று 6 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும், பிள்ளைகள் மிட்டாய் வாங்க வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்கள். அதனால் 3 முதல் 5 மணி வரை போதும். பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போட்டு, அந்தப் புத்தகத்தோடு வரச் சொல்லுங்கள். புத்தகம் கையில் இருந்தால் வெறும் தொப்பிகூட வேஷம்தான்!

ஹாலோவீனுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் பூசணிக்காயில் முகம் செதுக்க வேண்டாம், இந்த வயதுக்குக் கத்தி ஆகாது. ஆளுக்கொரு சின்னக் காய், அக்ரிலிக் பெயின்ட்; அவரவர் கதாபாத்திரத்தின் முகத்தைக் காயில் வரையட்டும். காயின் தோலை ஈரமில்லாமல் துடைத்து, முகம் வரும் பக்கம் முழுக்க ஒரே நிறம் பூசி, 20 நிமிடம் காயவிட்டு, அப்புறம்தான் கண்ணும் வாயும். அவசரப்பட்டால் கண்ணின் கறுப்பு இழுபட்டு முகமே அழுக்காகிவிடும். பெயின்டில் தண்ணீர் கலந்தால் வழியும்.

காயும் நேரத்துக்கு ஒரு விளையாட்டு: ஷூ பெட்டியில் கை நுழையும் அளவு ஓட்டை. உள்ளே வேகவைத்து ஆறிய நூடுல்ஸ், துளி எண்ணெயோடு (இல்லையென்றால் கட்டியாகிவிடும்). சூனியக்காரியின் தலைமுடி என்று சொல்லிப் பாருங்கள், அலறுவார்கள்.

கடைசியில் திரையை இழுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் 32 பக்கப் படக்கதை ஒன்று. மிட்டாய் அதற்குப் பிறகுதான். முன்னாலேயே கொடுத்தால் ஒருவரும் உட்காரமாட்டார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.